டாக்டர் ஹெட்லியின் பித்தளைச் சலாகை

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் மன்றத் தலைவர் க்ளைவ் போல்கிளேஸ் அவர்களே, கணவரை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மெர்ல் அக்கா அவர்களே, இந்த மழையிலும் எல்லோருக்கும் இறைச்சி அடைத்த பாஸ்டி சுட்டு எடுத்துவந்த சபைச் சகோதரிகளே, பழைய படைத் துப்பாக்கி சேகரிப்போர் மன்றத்தின் உறுப்பினர்களே, ஊர்ப் பெரியோர்களே! செயலாளர் லோர்னா பாஸ்கோவின் வணக்கம்.

பேசுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. மலர்வளையத்தோடு இந்த மேசையில் வைத்திருக்கிறீர்களே, க்ளைவ் வீட்டுத் துப்பாக்கி, அதன் வாய் நேராக மெர்ல் அக்காவைப் பார்க்கிறது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறேன். ஆயிற்று. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். டாக்டர் இருந்திருந்தால் உங்களையும் எழுப்பி மேசையையும் திருப்பியிருப்பார்.

டாக்டர் ஹெட்லி ட்ரெகோனிங்! இந்த ஊரில் அவர் கை வைக்காத கடைவாய்ப்பல் உண்டா? பல் பிடுங்கிய கையோடு மாலையில் இங்கே வந்து, அதே சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் வைத்துக்கொண்டு துப்பாக்கிகளைப் பார்ப்பார். எந்த ஆலையில் செய்தது, எந்தப் படைக்குப் போனது, எந்தத் திருகு பின்னால் மாற்றியது, எல்லாம் சொல்வார். நகரத்திலிருந்து ஒருவர் பெருமையாக ஒன்றைக் கொண்டுவந்தார். விக்டோரியா மகாராணி காலத்துக் கிரீட முத்திரை இருக்கிறது, பாருங்கள் என்றார். டாக்டர் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "துரு முதல்ல வந்திருக்கு, மகாராணி அதுக்கப்புறம்தான் வந்திருக்காங்க" என்றார். துருப்பிடித்த இரும்பின் மேல் யாரோ புதிதாக அடித்த முத்திரை அது. வந்தவர் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இறந்துவிட்டார் என்பதற்காக அவரைச் சாந்தசொரூபி என்று நான் புளுக மாட்டேன். பிடிவாதக்காரர். முசுடு. கூட்டத்துக்குக் கூட்டம் ஒருவரையாவது முகம் சிவக்க வைத்துத்தான் வீட்டுக்குப் போவார். அவர் கொண்டுவந்த வழக்கத்தால் எத்தனை சண்டை! வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி எதுவானாலும், யார் கொடுத்தாலும், முதலில் இந்த நீளக் கம்பியை, இந்தப் பித்தளைச் சலாகையை, குழலுக்குள் விடுவார். வெறுங்குழல் என்றால் அடியில் இரும்பில் இடித்துக் கணீரென்று சத்தம் வரும். உள்ளே ஏதாவது இருந்தால் மொத்தென்று நிற்கும். "நான் இப்பத்தான் பாத்துட்டுக் குடுத்தேன் டாக்டரே" என்று சொன்னாலும் விடமாட்டார். நம்மை நம்பவில்லையே என்று நமக்குக் கோபம் வரும். எனக்கும்தான் வந்தது.

அந்த ஊர் விழா நாளை மறந்திருப்பீர்களா? எப்படி மறப்பீர்கள்!

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் விழா நாளன்று இந்த மண்டபத்து வாசலில் நின்று ஒருவர் பழைய துப்பாக்கியில் கேப்பு என்கிற சின்ன வெடிமூடியை மட்டும் வைத்து விசையை இழுப்பார். கேப்பு வெடித்ததும் எதிரே நிற்கும் வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்கும். அதுதான் அவர்களுக்குச் சைகை. மருந்தும் இல்லை, குண்டும் இல்லை, வெறும் கேப்புதானே என்று குழலை அவர்கள் பக்கமே நீட்டி வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம்.

எப்போதும் மன்றத்துத் துப்பாக்கியைத்தான் எடுப்போம். அந்த வருடம் க்ளைவ் தன் பண்ணை வீட்டுக் கணப்பின் மேல் தொங்கிய இந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா தொண்டர் படையில் சுமந்தது. மன்றமே இதை மொய்த்தது. பூட்டுத் தகட்டில் உள்ள வருடத்தைப் படித்தோம். கட்டையில் வெட்டிய எண்ணைப் படித்தோம். குழலைப் பிடித்திருக்கும் நடு வளையம் அசலா, மாற்றியதா என்று ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். ஆனால் சலாகை? இதனுடைய சலாகை எப்போதோ தொலைந்திருந்தது. அசல் கிடைக்கும்வரை வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது என்று க்ளைவ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். வேறெந்த ஊரிலாவது இப்படி நினைப்பார்களா? சேகரிப்பவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும்! போதாததற்கு, கேப்பின் பொறி குழலுக்குள் போகும் தீத்துளை துருவால் அடைந்து கிடந்தது, அதை முந்தின நாள் க்ளைவ் ஊசியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்து வைத்திருந்தார்.

டாக்டர் அந்த வாரம் ஊரில் இல்லை. அன்று காலையில்தான் திரும்பினார். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தபோது க்ளைவ் துப்பாக்கியைத் தோளில் வைத்தாயிற்று. கேப்பை அடிக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்தாயிற்று. எதிரே வாத்தியக் குழு. அதில் முன்வரிசையில் கார்னெட் ஊதுகுழலை உதட்டில் வைத்தபடி நின்றது யார்? க்ளைவின் மனைவி ஜோய்ஸ்.

"சலாகை விட்டுப் பாத்தியா?" என்று டாக்டர் கேட்டார்.

க்ளைவுக்கு ஊர் முன்னால் அவமானம். தன் வீட்டுச் சுவரில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கியது தனக்குத் தெரியாதா, தள்ளிப் போங்கள் என்றார். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். யாரோ டாக்டரைப் பார்த்து, போய்ப் பல்லைப் பிடுங்கு என்று கத்தினார்கள். டாக்டருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது. வெறுங்குழலாக இருந்தால் அன்றோடு அவர் மானம் போயிருக்கும். அதன் பிறகு அவர் பேச்சை இந்த மன்றத்தில் யார் கேட்டிருப்பார்கள்?

நண்பர்களே, துப்பாக்கியின் வாய்க்கு முன்னால் நிற்காதே என்று எங்கள் காதில் ஓதி ஓதிப் புளிக்க வைத்தவர் அவர். அந்த மனிதர் அன்று நடந்து போய்த் துப்பாக்கிக்கும் ஜோய்ஸுக்கும் நடுவில் நின்றார். குழலின் வாய் அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டது.

"இப்ப இழு, க்ளைவ். வெறுங்குழல்தானே, இழு."

க்ளைவின் விரல் விசையின் மேல்தான் இருந்தது. அந்த விரல் கொஞ்சம் அசைந்திருந்தால்? மெல்ல, மிக மெல்ல, க்ளைவ் குதிரையைக் கட்டைவிரலால் தாங்கி இறக்கினார். கேப்பைப் பிடுங்கி எறிந்தார்.

டாக்டர் சலாகையை விட்டார். மொத்.

எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் அதை வெளியே எடுத்தார்கள். ஈயக் குண்டு, அதன் பின்னால் கறுப்பு மருந்து. கொள்ளுத்தாத்தா கெட்டித்து வைத்துவிட்டு மறந்து போனது. நனையாத ஒரு சிட்டிகையை டாக்டர் ஓட்டுத் துண்டின் மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். புஸ்ஸென்று முழ உயரத்துக்கு எழுந்தது. ஜோய்ஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "அந்த நடு வளையம் அசல்தான்" என்றார்! அன்றைக்குப் பிறகு இதைச் சொல்லி யாரையும் அவர் குத்திக்காட்டியதும் இல்லை.

ஜோய்ஸ் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். கார்னெட்டோடு வந்திருக்கிறாள். டாக்டருக்கு இதைவிட என்ன இரங்கல் உரை வேண்டும்?

இனி நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாசலுக்குள் எந்தத் துப்பாக்கி வந்தாலும், கொண்டுவருபவர் தலைவரானாலும், கோபித்துக்கொண்டு போனாலும், சலாகை உள்ளே போகும். அதை இன்றே தொடங்குகிறேன். தலைவர் அவர்களே, இன்று காலை இதை வீட்டிலிருந்து எடுத்து வந்தீர்களே, விட்டுப் பார்த்தீர்களா?

"இல்ல லோர்னா... துக்கத்துல தோணல."

தோன்றாது, க்ளைவ். யாருக்கும் தோன்றாது. அதற்குத்தான் அவர் இருந்தார்.

மெர்ல் அக்கா, மேலே வாருங்கள். உங்கள் வீட்டுக்காரரின் சலாகையைப் பிடியுங்கள். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். இவ்வளவு நேரம் மௌனம் என்று நான் கணக்குச் சொல்லப் போவதில்லை. சத்தம் கேட்கும்வரை பேசாமல் இருங்கள்.

விடுங்கள், அக்கா.

கணீர்.

வெறுங்குழல்தான். நிம்மதியாகப் போய் வாருங்கள், டாக்டர். ஜோய்ஸ், இப்போது வாசி.