ஏழாவது நிமிட முனகல்

இசைத்தட்டை வட்டமாகத்தான் துடைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். குறுக்கே துடைத்தால் கீறல் விழும். நான் வருடத்துக்கு ஒருமுறை எல்லாத் தட்டுகளையும் சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, மறுபடி உறைகளில் போட்டுவைப்பவன். பொறுமை இல்லாதவனுக்கு இது வராது.

உங்கள் மேசைமேல் இருக்கும் அச்சுப்படி என் புத்தகம். பத்தொன்பது வருட உழைப்பு. ஒரே இசையமைப்பாளரின் ஏழு சிம்பொனிகளை ஒரே இசைக்குழு நடத்துநர் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். நாற்பத்தொரு வயதில் ஒருமுறை, எழுபத்தெட்டில் ஒருமுறை. இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறேன். நான்காம் சிம்பொனியின் மெதுவான பகுதிக்கு மட்டும் முப்பது பக்கம். இளமைப் பதிவில் ரத்தம் கொதிக்கிறது. முதுமைப் பதிவில் மனிதர் மூட்டை கட்டிவைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஞாயிறு மதியம் தவறாமல் வருவார். நான் இசை கேட்கும் அறைக்கு ஒரே விதி. ஒரு பகுதி ஓடி முடியும்வரை பேசக் கூடாது, எழக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. அதை ஒருமுறைகூட மீறாதவர். நல்ல மனிதர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று பூதக்கண்ணாடியோடு வந்தார். இரண்டு பதிவுகளுக்கும் லேபிள் ஒன்றுபோலவே இருக்கும். வருடம் உறையில் மட்டும்தான். லேபிளுக்கு அருகே தட்டிலேயே பொறித்திருந்த பதிவு எண்ணைப் படித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மாப்ளை, கழுவினப்ப உறையை மாத்திப் போட்டுட்டீங்க. ரத்தம் கொதிக்குதுன்னு எழுதினீங்களே, அது எழுபத்தெட்டு வயசுக் கிழவர்!"

"எண்ணெல்லாம் ஃபேக்டரிக்காரனுக்கு, மச்சான். நமக்குக் காது இருக்கு."

"சரி, காதாலயே கேளுங்க. வயசானப்புறம் அவருக்கு வாத்தியத்தோட சேர்ந்து முனகுற பழக்கம் வந்துடுச்சு. ஏழாவது நிமிஷம் பாருங்க. சனிக்கிழமை உங்க வெளியீட்டு விழாவுல நான் வேற பேசணும். எந்த வாயால பேசறது, சொல்லுங்க?"

இளமைப் பதிவில் முனகலே இல்லை என்று இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இளமை உறையில் இருந்த தட்டை எடுத்து, அந்த மெதுவான பகுதியில் ஊசியை வைத்தேன்.

ஏழாவது நிமிடத்தில் ஒரு முனகல் கேட்டது. மச்சான் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பத்தாவது நிமிடத்தில் இன்னொன்று. இம்முறை அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவருகே மாட்டியிருந்த தன் பையைக் காட்டினார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அதில்தான் இருக்கும். எனக்கும் தெரியும். நாலடி தூரம். பகுதி முடிய ஆறரை நிமிடம் இருந்தது.

அந்த ஆறரை நிமிடத்தில் நீண்ட மௌனங்கள் உண்டு. சாதாரணக் காதுக்குத் தட்டு நின்றுவிட்டது போலத் தோன்றும். அன்று அவை வழக்கத்தைவிடச் சுத்தமாக இருந்தன. கடைசி மௌனத்தில் அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

நடுவில் மனைவி வெளியிலிருந்து கேட்டாள். "என்னங்க, அண்ணன் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே?"

"தட்டுல நடத்துநர் முனகுறாரும்மா" என்றேன்.

விதியை மீறி நான் பேசியது அது ஒன்றுதான். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள். "சார், சத்தம் தட்டுலேர்ந்து வருதுன்னு நினைச்சுட்டீங்க, அவ்வளவுதானே? உங்க வீட்டம்மாவும் அதைத்தான் சொல்றாங்க. அப்படியே எழுதிக்கறேன். கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க."

வேண்டாம். அப்படி எழுதினால் அந்தத் தட்டில் முனகல் இருப்பதாக ஆகிவிடும். முனகல் இருந்தால் அது கிழவருடைய பதிவு. நாளைக்கு எவனாவது உங்கள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என் முப்பது பக்கத்துக்கு எதிராக வந்து நிற்பான். மனைவியிடம் சொன்னது பொய். முனகியது மச்சான். அவர்தான் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். எழுந்து நாலடி வைத்திருந்தால் பிழைத்திருப்பார். பிழைத்திருந்தால் சனிக்கிழமை பேசியிருப்பார்.

இன்னும் ஒரு திருத்தம். ஏழாவது நிமிடத்தில் கேட்டதும் மச்சான்தான். அப்போதே அவருக்கு வலி தொடங்கியிருக்க வேண்டும். நான் அப்போதே எழவில்லை. ஆறரை நிமிடம் என்பதை அடித்துவிட்டு ஒன்பதரை என்று எழுதுங்கள்.