பேச்சுக் குழாயில் வந்த குரல்

ஜெத்ரோ: உட்காருடா வில்ஃப். நடந்து நடந்து தரை தேயுது.

வில்ஃப்: கதவு திறக்குதான்னு பார்த்தேன்...

ஜெத்ரோ: நம்ம ரெண்டு பேர் சாட்சியும் காலையிலயே முடிஞ்சுது. உள்ள கடற்படையோட அஞ்சு பெரிய அதிகாரிங்க பேசி முடிவெடுக்கணும். அப்புறம்தான் கேப்டனைக் கூப்பிடுவாங்க.

வில்ஃப்: மேசையில அவரோட வாள் இருக்குமாமே.

ஜெத்ரோ: ஆமா. கைப்பிடி அவர் பக்கம் இருந்தா விடுதலை. முனை அவர் பக்கம்னா... ஃபாக்ஸ்டெயில் இனிமே அவர் கப்பல் இல்ல.

வில்ஃப்: நம்ம ஓட்டைக் கப்பலுக்கா இவ்வளவு பெரிய விசாரணை?

ஜெத்ரோ: ஓட்டையா? நீ போன வருஷம் வந்த பய. ஹார்கோம் கேப்டன் இருபது வருஷமா இந்த மாதிரிச் சின்னப் போர்க்கப்பல்லதான் இருக்காரு. முதல்ல சீனாவுல ஆத்துல ஓடுற பீரங்கிப் படகு. அப்புறம் கடல்ல கண்ணிவெடி பொறுக்குற கப்பல். ரெண்டு தடவை பெரிய கப்பல் தரேன்னாங்க, வேண்டாம்னுட்டாரு.

வில்ஃப்: ஏனாம்?

ஜெத்ரோ: எண்ணூறு பேர் இருந்தா எல்லார் பேரும் ஞாபகம் இருக்காதுன்னாராம்.

வில்ஃப்: ...எனக்குப் பல் வலின்னு தெரிஞ்சு, புயல்ல கூட அவரே கிராம்பு எண்ணெய் கொண்டுவந்தாரு.

ஜெத்ரோ: அவரைப் போய், சரக்குக் கப்பல்ல மோதிட்டாருன்னு கூண்டுல நிறுத்துறாங்க. அன்னிக்கு அவர் திருப்பலைன்னா, தண்ணிக்குள்ள வந்த டார்பிடோ குண்டு நம்ம கப்பல் வயித்துல பாஞ்சிருக்கும். எண்பத்தஞ்சு பேர் உசுரு.

வில்ஃப்: திருப்பினது தப்புன்னு அவங்க சொல்லல. சங்கு ஊதாம திருப்பினதுதான்.

ஜெத்ரோ: இடப்பக்கம் திரும்பினா ரெண்டு ஊதல். ஊதியிருந்தா பக்கத்துக் கப்பல் ஒதுங்கியிருக்கும். ஏன் ஊதலைன்னு கேட்டாங்களாம். "மறந்துட்டேன்"னாராம். ஹார்கோம் மறந்தாராம்...

வில்ஃப்: நம்பறியா?

ஜெத்ரோ: நான் என்னத்தைக் கண்டேன்? கீழ இரும்புப் பெட்டிக்குள்ள சுக்கானைப் பிடிச்சுட்டு நிக்கிறவன். எனக்கு ஜன்னல் கூடக் கிடையாது. மேல்தட்டுல இருந்து பேச்சுக் குழாய்ல என்ன வருதோ அதைத் திருப்பிச் சொல்லிட்டு, அப்படியே செய்வேன். நீதான் அவர் பக்கத்துல நின்னே.

வில்ஃப்: நின்னேன்...

ஜெத்ரோ: சொல்லுடா, அன்னிக்கு மேல என்ன நடந்தது?

வில்ஃப்: ஜெத், அவர் நாலு நாளா தூங்கல. துணை அதிகாரி கால் உடைஞ்சு கீழ கிடந்தாரு. கேப்டன் இடுப்பு வாரைக் கம்பியில மாட்டிக்கிட்டு நின்னபடியே தூங்கிட்டாரு. தண்ணியில டார்பிடோவோட வெள்ளைக் கோடு வருது. உலுக்கினேன், முழிக்கல. இடப்பக்கம் திருப்புன்னு நான்தான் குழாய்ல கத்தினேன்.

ஜெத்ரோ: சங்கு?

வில்ஃப்: மறந்தது நான்.

ஜெத்ரோ: அவருக்குத் தெரியுமா?

வில்ஃப்: மோதினதுல முழிச்சாரு. முதல் கேள்வி, "எத்தனை உசுரு போச்சு?" யாரும் இல்லைங்க ஐயான்னேன். யார் உத்தரவுன்னாரு. நான்னு சொன்னேன். என்னைப் பார்த்துட்டே இருந்தாரு. "இந்தத் தட்டுல உத்தரவு போடுறவன் நான் ஒருத்தன்தான். கப்பல் குறிப்பேட்டுல அப்படியே எழுது"ன்னாரு. எழுதினேன். இன்னிக்கு உள்ளயும் அதையேதான் சொன்னேன்.

ஜெத்ரோ: எழுந்திரு. கதவு திறக்குது.

வில்ஃப்: உன் உயரத்துக்குத் தெரியுமே... வாள் எப்படி இருக்கு?

ஜெத்ரோ: முனை அவர் பக்கம்.

வில்ஃப்: அவர் முகம்?

ஜெத்ரோ: கொடி ஏத்தும்போது நிப்பாரே, அப்படியே நிக்கிறாரு. கடவுளே... என்ன மனுஷன்டா.

வில்ஃப்: விடு, நான் உள்ள போறேன். சொல்லிடறேன்.

ஜெத்ரோ: போனா, அவர் தூங்கினதும் வெளிய வரும், பொய் சொன்னதும் வரும். கப்பலை மட்டும் இல்ல, அந்தச் சட்டையையும் கழட்டிடுவாங்க. பழியை ஏத்துக்கிட்டு அவர் உனக்கு வாங்கிக் கொடுத்த வாழ்க்கையை நீ திருப்பிக் கொடுக்காதே.

வில்ஃப்: உனக்கென்ன... கேட்டது கேப்டன் குரல்னு பைபிள் மேல கை வெச்சு நிம்மதியாச் சொல்லிட்டே. நீ உண்மைன்னு நம்பித்தானே சொன்னே?

ஜெத்ரோ: மூணு வருஷமா அந்தக் குழாய்ல அவர் குரலைக் கேட்டவன்டா நான். முதல் வார்த்தையிலயே உன் குரல்னு தெரியும். தெரிஞ்சுதான் சுக்கானைத் திருப்பினேன். தெரிஞ்சுதான் பைபிள் மேலயும் கையை வெச்சேன்.