சாவகாசம் தேறிய விதம்

அந்த நாற்காலி வேண்டாம், மேடம். அதற்கு ஒரு கால் குட்டை. பயிற்சிக்கு வருகிற பையன்கள் அதில் உட்கார்ந்து தள்ளாடிக்கொண்டே என் பேச்சைக் கேட்பது எனக்குப் பிடிக்கும் என்பதால் சரிசெய்யாமல் விட்டுவைத்திருக்கிறேன். ஜன்னலோரம் இருக்கிற ஸ்டூல் நல்லது.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். போன வாரக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும். பாடம் நடத்தி நடத்தி வந்த வியாதி.

இந்தச் சுடுதளத்துக்கு நான்தான் வாத்தியார். எப்பேர்ப்பட்ட போலீஸ்காரராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை என் முன்னால் வந்து சுட்டுக் காட்ட வேண்டும். நான் தலையாட்டினால் துப்பாக்கி இடுப்பிலேயே இருக்கும். ஆட்டாவிட்டால் ஆள் தெருவை விட்டு ஸ்டேஷன் மேஜைக்குப் போய், காணாமல் போன சைக்கிள்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவ்வளவு முக்கியமான தலை இது. பார்த்தால் தெரியாது.

சோதனை இப்படி நடக்கும். எதிரே மரப்பலகைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பொத்தானை அமுக்கினால் ஏதாவது ஒன்று சட்டென்று திரும்பும். அதில் துப்பாக்கி நீட்டுகிறவன் வரைந்திருந்தால் சுட வேண்டும். குடை பிடித்தவன், கைக்குழந்தைக்காரி, தபால்காரர் என்றால் சும்மா நிற்க வேண்டும். ஒரு தும்மல் போடுகிற நேரத்தில் பலகை மறுபடி முதுகைக் காட்டிவிடும். குடைக்காரனைச் சுட்டால் மதிப்பெண் கொஞ்சம் குறையும். நேரத்தில் சுடாவிட்டால் தோல்வி. விதியை எழுதியது நானில்லை. ஆனால் அதில் தப்பிருப்பதாக எனக்கு அன்றைக்குத் தோன்றவும் இல்லை. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் குடைக்காரனைக் கொன்று தேறியவர்கள். பலகை செய்துதரும் தச்சர்கூட ஒருநாள் கேட்டார்:

"என்ன சார், திருடனைவிட குடைக்காரனுக்குத்தான் கிராக்கி ஜாஸ்தியா இருக்கு?"

"வெயில் காலம்ல" என்றேன்.

சாவகாசம் ஒருவன்தான் குடைக்காரனை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அது அவன் சக ஆட்கள் வைத்த பெயர். அவன் அம்மா வைத்த பெயர் வேறு, அது விசாரணைக் கோப்பில் உங்களிடம் இருக்கும். நல்ல உயரம், பெரிய கைகள், எதற்கும் அவசரப்படாத நடை. பலகை திரும்பியதும் பார்ப்பான். கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவன் மாதிரி நன்றாகப் பார்ப்பான். அதற்குள் பலகை திரும்பிவிடும். துப்பாக்கியை இறக்கிவிட்டு என்னிடம் வந்து, "அவன் கையில துப்பாக்கி இருந்துச்சு சார். இடது கை" என்பான். அவன் சொன்னது எப்போதும் சரியாக இருக்கும். அதற்குள் நேரம் போயிருக்கும்.

தோற்றவர்களுக்கு மொத்தம் மூன்று வாய்ப்பு கொடுப்போம். அவன் இரண்டு தடவை தோற்றான். இன்னொரு தடவை தோற்றால் மேஜைதான். அவனால் மேஜையில் உட்கார முடியாது, மேடம். அவன் ரோந்து போகிற தெருக்களில் பூனை மரத்தில் ஏறினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். குடித்துவிட்டுக் கத்தியை ஓங்கிய ஒருவனைப் பேசியே உட்காரவைத்து, அவன் கத்தியாலேயே ஆப்பிள் நறுக்கித் தரச் சொல்லித் தின்றுவிட்டு வந்தவன். அதற்கு என் சோதனையில் மதிப்பெண் கிடையாது.

எனக்கு அவனைப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சுடுதளத்துச் சுவரில் 'பதறாத காரியம் சிதறாது' என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன். அதற்குக் கீழே நிறுத்தித்தான் அவனுக்கு வழி சொன்னேன்.

"டேய், நீ பாக்காத. பாக்குற வேலையை எங்கிட்ட விட்டுரு. நான் பின்னால நின்னு 'போடு'ம்பேன். நீ அமுக்கு. அவ்வளவுதான்."

"அப்ப நான் எதுக்கு சார்?"

"நீ கை. நான் கண்ணு."

"மெடல் குடுத்தா ரெண்டா வெட்டணுமே சார்" என்று சிரித்தான்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழகினோம். முதலில் என் சொல்லைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. திட்டினேன், தகரத்தைத் தட்டினேன், தூங்குகிற மாதிரி இருந்துவிட்டுத் திடீரென்று சொன்னேன். கொஞ்ச நாளில் சொல் காதில் விழுந்ததும் விரல் மடங்கியது. நடுவில் அவன் இருக்கமாட்டான். பயிற்சி என்றால் அதுதான். நான் பெருமைப்பட்டேன்.

சோதனையின்போது யாரும் பக்கத்தில் நின்று பேசக்கூடாது என்பது விதி. நான் பேசவில்லை, முணுமுணுத்தேன். அவன் ஒரு பக்கக் காதுக் கவசத்தை மட்டும் கொஞ்சம் விலக்கி வைத்திருந்தான். முதல் தரத்தில் தேறினான். வெளியே வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சார், தெருவுல நீங்க பின்னால இருக்கமாட்டீங்களே."

"தெருவுல எவன்டா உன்னைச் சுடச் சொல்றான்? ரிட்டயர் ஆகுற வரைக்கும் அது உறையை விட்டு வெளிய வராது. போய் உன் பூனையை இறக்கு, போ."

அவன் மனைவி அடுத்த நாளே பழக்கூடையோடு வந்தார். "அண்ணே, உங்களாலதான்" என்றார். நானும் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினேன். சொன்னேனே, முக்கியமான தலை.

பிறகு அந்த நாள். பலகைகளுக்குப் புது வண்ணம் அடிப்பதற்காகச் சுடுதளத்தை மூடியிருந்தார்கள். ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை. சும்மாதானே இருக்கிறார் என்று என்னைச் சாவகாசத்தோடு அனுப்பினார்கள். நான் தெருவில் இறங்கி வேலை பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒரு பழைய அடுக்குமாடி. மேல்மாடியில் காலியாகக் கிடக்கும் வீட்டில் முகத்தை மூடிய ஆள் நடமாடுகிறான் என்று கீழ்வீட்டு அம்மாள் போன் செய்திருந்தார். நல்ல பகல். மாடிப்படியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

பாதி ஏறியதும் சாவகாசம் நின்றான். "சார், பெயிண்ட் வாசனை வருது."

"பேசாம ஏறு."

"இல்ல சார், யாரோ செவுத்துக்கு அடிக்கிறாங்க போல."

"துப்பாக்கியை எடு" என்றேன்.

எடுத்தான். நான் சொல்லி அவன் எதையும் தட்டியதில்லை.

வாசலில் பிளாஸ்டிக் விரிப்பு தொங்கியது. அவன் அதை விலக்கினான். நான் அவனுக்குப் பின்னால், அவன் முதுகு அகலமாக இருந்ததால் வசதியாக நின்றிருந்தேன். உள்ளே ஒருவர். வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருந்தார். வலது கையில் பெயிண்ட் பீய்ச்சுகிற ஸ்ப்ரே கன், அதிலிருந்து குழாய் தரையில் ஓடி கம்ப்ரஸருக்குப் போயிற்று. மெஷின் சத்தத்தில் நாங்கள் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. திரும்பினார். சாவகாசம் பார்த்தான். அவன் பார்க்கிற விதமாகவே பார்த்தான். "பெயிண்டர் சார்" என்றான், அறையில் ஒரு மேஜை இருக்கிறது என்று சொல்கிற குரலில். துப்பாக்கி இறங்க ஆரம்பித்திருந்தது. அதை என் கண்ணாலேயே பார்த்தேன். பெயிண்டர் இடது கையைத் தூக்கி முகத்துத் துணியை இழுத்தார். போலீஸிடம் துணியைக் கழற்றிவிட்டுப் பேசுவதுதானே மரியாதை.

அப்போது கம்ப்ரஸரிலிருந்து குழாய் பிடுங்கிக்கொண்டது. டப்பென்று ஒரு சத்தம்.

நான் வாழ்நாளில் லட்சக்கணக்கான வேட்டுச் சத்தம் கேட்டவன், மேடம். எல்லாமே காதுக் கவசத்துக்கு வெளியே நடந்தவை. வெறுங்காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் வேட்டு இல்லை, வெறும் காற்று. என் வாய் திறந்தது. அதற்குப் பழக்கமான சொல் வந்தது.

"போடு."

இறங்கிக்கொண்டிருந்த கை ஏறியது. நடுவில் அவன் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததிலேயே மிகச் சுத்தமான வேட்டு அதுதான். ஒன்றே போதுமாக இருந்தது.

சாவகாசம் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். "அண்ணே, அண்ணே, என்னைப் பாருங்கண்ணே" என்றான். சுவர் பாதி நீலமாக இருந்தது. என் கால்கள் என்னைக் கேட்காமல் படியிறங்கின. ஒரு மாடி கீழே, துணிகளுக்கு நடுவில் நின்று வாக்கி டாக்கியில் ஆம்புலன்ஸ் கேட்டேன். பிறகு, சத்தம் கேட்டு ஓடிவருகிறவன் ஓடிவருவதுபோல மேலே ஓடினேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "சார், நீங்க சொன்னீங்களா?"

"நான் கீழதானடா இருந்தேன்."

"போடுன்னு கேட்டுச்சு சார். உங்க குரல்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

அவன் மறுபடி கேட்கவில்லை. அதுவரை என் கண்ணை நம்பியவன், அன்றைக்கு என் காதை நம்பினான். பொய் சொன்னேன் என்றுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை. நிலைமை சீராகும் வரைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நிலைமை அதன் பிறகு சீராகவே இல்லை.

விசாரணையில் அவன் சொன்னதை எழுதிக்கொண்டவர் நீங்கள்தான். பின்னால் ஒரு குரல் கேட்டது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றான். துப்பாக்கி விஷயத்தில் நிபுணர் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதிர்ச்சியில் பயிற்சிக் குரல் தலைக்குள் கேட்பது உண்டா என்று மனநல டாக்டர் கேட்டார். உண்டு என்றேன். டாக்டர் சந்தோஷமாக அதற்கு ஒரு பெயர் சொன்னார். நீளமான பெயர். பெயர் வைத்துவிட்டால் எதுவும் உண்மையாகிவிடுகிறது.

பெயிண்டரின் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எங்க வீட்டுக்காரர் கையைத் தூக்கினாரா?" எல்லோரும் நிபுணரைப் பார்த்தார்கள். கீழே இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "தூக்கினாரும்மா" என்றேன். விசாரணை முழுவதிலும் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதுவும் அவரைக் குற்றவாளி மாதிரிக் காட்டத்தான் உதவியது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு போனார். அன்றிலிருந்து நான் நீலச் சுவர் இருக்கிற அறைக்குள் போவதில்லை.

சாவகாசத்துக்குப் புத்தி கலங்கியிருக்கிறது, ஆயுதம் தொடத் தகுதியில்லாதவன் என்று முடிவானது. இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறான். நான் வாராவாரம் போகிறேன். "நீங்க ஒருத்தர்தாண்ணே இன்னும் வந்து பாக்குறீங்க" என்கிறார் அவன் மனைவி. அந்த வீட்டில் யாரும் லைட்டைப் போடு, கதவைப் போடு, உப்புப் போடு என்று சொல்வதில்லை. அவன் மகள் ஒருநாள் மறந்துபோய் "அப்பா, ஃபேனைப் போடு" என்றிருக்கிறாள். கையிலிருந்த டம்ளரை நசுக்கிவிட்டானாம். இப்போது அவள் எழுந்துபோய்த் தானே ஸ்விட்சைத் தட்டுகிறாள். போன தடவை அவன் காதில் பஞ்சு வைத்திருந்தான்.

"சார், இன்னும் கேக்குது. எப்ப சார் நிக்கும்?"

"மாத்திரையை விடாம சாப்பிடு" என்றேன்.

"உங்க குரல்லயே கேக்குறதுதான் சார் கஷ்டமா இருக்கு. நீங்க எனக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்க."

பழம் வாங்கிப் போயிருந்தேன். அதை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நம் குழு. பதறுகிற ஆட்களை முன்கூட்டியே கண்டுபிடித்துத் துப்பாக்கியைப் பிடுங்குவதற்கு ஒரு குழு. அதற்குத் தலைவர் யார் என்று தேடி என்னைப் பிடித்தார்கள். போன வாரம் நடந்த முதல் கூட்டத்தில் பதறுகிறவனை எப்படி அடையாளம் காண்பது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அட்டெண்டர் டீ டம்ளர் தட்டைத் தவறவிட்டார். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். அந்தச் சொல்லையும் சொல்லியிருந்தேன். சத்தமாக.

பிறகு டாக்டர், "அப்படியே தத்ரூபம் சார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வணங்கினேன். அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். உங்கள் பேனா நின்றிருந்தது. உங்களுக்கு அந்தச் சொல் ஞாபகம் இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். சாவகாசத்துக்குத் தலையில் எந்தக் கோளாறும் இல்லை. அவன் கேட்டது நிஜக் குரல், என்னுடையது. நான் அவனுக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் இருந்தேன். அந்த மனிதர் பெயிண்டர் என்று அவன் சொன்னதைக் கேட்ட பிறகுதான் சொன்னேன். சோதனையில் அவனைத் தேற்றியதும் நான்தான், தகுதியில்லாதவன் என்று சாட்சி சொன்னதும் நான்தான். மாத்திரையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பெயிண்டர் மனைவியிடம் அவர் ஏன் கையைத் தூக்கினார் என்பதையும் சொல்லுங்கள். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் இப்போது எழுதினீர்களே, 'பயந்துபோய்க் கத்தினார்' என்று, அதை மட்டும் அடித்துவிடுங்கள். 'நிலைமையை ஆராய்ந்து உத்தரவிட்டார்' என்று இருக்கட்டும். அப்படி எழுதினால் அது கொலையாகிவிடும் என்கிறீர்கள். ஆகட்டும், மேடம். என்னிடம் படித்த பையன்கள் இதைப் படிப்பார்கள்.