பத்தாவது கையெழுத்து

கூட்டத்தைக் கட்டியாளும் தலைவர் கவிங்கா அவர்களே! மலாவி ஏரிக்கரையில் உசிப்பா மீனைக் காயப்போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் பெரியோர்களே! ஆளுங்கட்சித் தலைவரின் முகம் அச்சடித்த துணியை இடுப்பில் சுற்றியிருக்கும் தாய்மார்களே, எழுந்து போகாதீர்கள்! துணி அவர்கள் கொடுத்தது. காது நீங்கள் கொண்டுவந்தது!

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாளில் என் எழுத்து, மணலில் நண்டு நடந்த தடம்போல் கோணிக்கிடக்கிறது. எழுபத்தொரு வயதில் கற்ற எழுத்து ஐயா! நான் எழுதியதை நானே வாசிக்கத் தடுமாறினால் பொறுத்தருளுங்கள். இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. நான்கு நாளும் எனக்குத் திருவிழா!

நாட்டின் அதிபராக யார் நிற்பார்? பணமுள்ளவரா? படையுள்ளவரா? அப்பன் ஆண்டதால் பிள்ளையா? அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். நம் மருத்துவமனைத் தாதி எஸ்னாட் கபுண்டா நிற்கப்போவதாகச் சொன்னதும், நேரே போய்க் கேட்டேன்.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வம்பு? காரும் இல்ல, குடுக்கத் துணியும் இல்ல."

"தாத்தா, பிரசவ வார்டு பம்ப் உடைஞ்சு பதினோரு வருஷமாச்சு. பத்தொன்பது கடிதாசி போட்டேன். ஒருத்தரும் பிரிக்கல. அதான், கடிதாசி போய்ச் சேர்ற நாற்காலியில நானே உக்காந்து பிரிக்கலாம்னு."

சிரியுங்கள்! நானும் சிரித்தேன். உடனே சிரிப்பு நின்றது. என் மகள் பிரசவித்த அன்று ஏரித்தண்ணீரை வாளியில் சுமந்தவன் நான்.

அதிபர் பதவிக்கு நிற்பவருக்கு மாவட்டத்துக்குப் பத்து வாக்காளர் ஒப்பமிட வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஒருவர் குறைந்தாலும் மனு போச்சு! நம் மாவட்டத்தில் பத்தாவது ஆள் நான். கடைசி நாள், கடைசி மணி நேரம். சரிபார்க்கும் அதிகாரி என் பெயரில் வந்து நின்றார்.

"பதிவேட்டுல நீங்க கைநாட்டு. இங்க கையெழுத்து இருக்கு. ஆள் வேற. செல்லாது."

அங்கே ஆளுங்கட்சிக்காரர் முதம்போ நின்றிருந்தார். விடுவாரா?

"என்ன தாத்தா, பேரு எழுதக் கத்துக்கிட்டதும் மந்திரி ஆயிட்டியா? பேசாம கட்டைவிரல வெச்சுட்டுப் போ!"

எஸ்னாட் வற்புறுத்தவில்லை. "உங்க இஷ்டம் தாத்தா," என்றார்.

இந்தக் கட்டைவிரலைப் பாருங்கள்! எழுத்தறியாத காலத்தில், என்னவென்றே தெரியாத ஒரு தாளில் இதை வைத்தேன். என் நிலம் புகையிலைத் தோட்டக்காரருக்குப் போயிற்று. மறுபடியும் வைப்பேனா? வைக்காவிட்டால் எஸ்னாட் என்ன ஆவார்?

என்ன? பின்னால் யார்? "வெச்சியா இல்லியா"வா? பொறு தம்பி, எழுத்து ஓடவில்லை, நடக்கிறது!

"புதுப் படிவம் குடுங்க. முழுசும் வாசிக்கணும்," என்றேன்.

"மூணு பக்கம் பெரியவரே! அஞ்சு மணிக்குக் கதவை அடைக்கணும்!"

"அப்ப சீக்கிரம் குடுங்க."

வாசித்தேன்! எழுத்துக் கூட்டி வாசித்தேன்! அதிகாரி கடிகாரம் பார்க்கப் பார்க்க வாசித்தேன்! முதம்போ கொட்டாவி விட விட வாசித்தேன்! ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன். அதன் பக்கத்தில் யோனா கதும்பா என்று எழுதினேன். அதன் கீழே, யாரும் கேட்காத ஒரு வரி: "விரலும் என்னுடையது, பெயரும் என்னுடையது. வாசித்துவிட்டுத்தான் வைக்கிறேன்."

அதிகாரி விரலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். முத்திரையை ஓங்கி அடித்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இனிக்கிறது!

செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு. எஸ்னாட் வெல்வாரா? எனக்குத் தெரியாது. நாற்காலி யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். பம்ப் இன்னும் ஓடவில்லை. அடுத்த வாரம் இருபதாவது கடிதம் இந்தக் கோணல் எழுத்தில் போகும். பிரிக்காவிட்டால், அதற்கடுத்த வாரம் இருபத்தொன்று!

வெயிலில் நின்று கேட்ட உங்கள் கால்களுக்கு நன்றி. துணி கட்டிய தாய்மார்களுக்குத் தனி வணக்கம்!