கோழிக் கூண்டுக்கு ஒரு ஒத்திகை

கோழி வளர்ப்பது என்னுடைய யோசனையே இல்லை, என் மனைவியின் ஆசை. என் யோசனையெல்லாம் அந்தக் கோழிகள் எப்படியெல்லாம் சாகக்கூடும் என்பதைப் பற்றித்தான். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் வேறு எதை யோசிப்பான்? தெருவில் எனக்கு 'அபாயம் சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். என் முதுகுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பக்கத்து வீட்டில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, ஒரு பெரிய பழுப்பு நாய்தான் துணை. அதை அவர் "மகனே" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, இடுப்பளவு செடிகள் மட்டும். இந்த நாய் ஒரு நாள் கோழிகளைக் கொல்லும் என்று கோழி வந்த அன்றே நான் இருவரையும் எச்சரித்துவிட்டேன். நாய் தோண்டி நுழையாதபடி கம்பி வலையை மண்ணுக்குள் புதைத்தேன். மேலேயும் வலை போட்டேன், கதவுக்கு இரண்டு கொக்கி வைத்தேன். மனைவி அதற்கு ஜெயில் என்று பெயர் வைத்து, சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கைதிகளையெல்லாம் திறந்து விட்டுவிடுவாள்.

அந்த நாய் என் மானத்தை வாங்கியது. கோழிகள் அதன் வாலைக் கொத்தும், அது கொட்டாவி விடும். தூறல் போட்டால் சிவப்புப் பெட்டை அதன் வயிற்றோடு ஒண்டிக்கொள்ளும்.

"வாங்க, வந்து பாருங்க உங்க கொலைகாரன. கோழிக்குத் தலகாணியா படுத்திருக்கான்" என்று மனைவி கூப்பிட்டுக் காட்டினாள். கடிகாரக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. நடக்கும் என்று சொன்னது நடக்காமல் போனால், என்னைப் போன்றவனுக்கு வேறு என்ன மிச்சம்?

தொழிற்சாலையில் தீ ஒத்திகை நடத்துவோம். மணி அடித்தால் எல்லோரும் வெளியே ஓடி வர வேண்டும். ஒருவரும் வர மாட்டார்கள், நிதானமாக டீயைக் குடித்து முடிப்பார்கள். அதனால் பழைய டிரம்மில் எண்ணெய்த் துணியைப் போட்டு நானே கொளுத்துவேன். புகை மூக்கில் ஏறினால்தான் மனிதனுக்குப் புத்தி வரும். நாய் விஷயத்திலும் கொஞ்சம் புகை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கோழிகளின் நன்மைக்காகத்தான்.

காலையில் மனைவி தையல் வகுப்பு எடுக்கப் போவாள், கடிகாரக்காரர் கடைக்குப் போவார். நானும் நாயும் தனியாக இருப்போம். கறிக்கடையில் கோழி ஈரல் வாங்கி, உதிர்ந்த இறகுகளில் சுருட்டி நீட்டினேன். முதலில் இறகைத் துப்பிவிட்டு ஈரலை மட்டும் தின்றது. மரியாதை தெரிந்த பிராணி. போகப் போக இறகோடு தின்றது. என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடி வரும். சொன்னால் வெட்கம், என் வாழ்க்கையில் என்னை வரவேற்க யாரும் அப்படி ஓடி வந்ததில்லை.

அடுத்து ஒரு நோஞ்சான் குஞ்சைக் கொடுத்தேன். எப்படியும் பிழைத்திருக்காது. மனைவியிடம் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னேன்.

"நாய் இங்கதான இருந்துச்சு, அது விரட்டலையா?" என்று கேட்டாள். அப்போதும் அவளுக்கு நாய்மேல்தான் நம்பிக்கை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

சாயங்காலங்களில் கோழிகள் முன்னால் நடந்தால் நாய் என் முகத்தைப் பார்க்கும். நான் தலையசைக்காதவரை அசையாது. எனக்குக் கீழே வேலை பார்த்த எவனிடமும் அந்த ஒழுக்கத்தை நான் கண்டதில்லை.

ஒரு நாள் காலை, கூண்டுக் கதவைத் திறந்து, "மகனே, வா" என்றேன். உள்ளே போனது. பின்னாலேயே இரண்டு கொக்கியையும் போட்டேன். வேலைப் பழக்கம், கை தானாகச் செய்கிறது. சத்தம் அடங்கியபின் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் போய்ச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன்.

மனைவி கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். "நான்தான் கொக்கிய ஒழுங்கா போடலையோ?" என்றாள். இருக்கலாம் என்றேன். கடிகாரக்காரரிடம், "இன்னைக்குக் கோழி, நாளைக்குத் தெருப் பிள்ளைங்க" என்று மட்டும் சொன்னேன். ஊசி போட்டு நாயை முடித்துவிடலாம் என்று அவரே சொன்னார். கால்நடை மருத்துவரிடம் தனியாகப் போகத் தைரியம் இல்லாமல், என்னையும் கூட வரச் சொன்னார்.

மேசைமேல் நாயின் தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். வேறு யார் பிடித்தாலும் திமிறியது, என் கையில் அடங்கியது. என் விரல்களை நக்கியது. மருத்துவர் ஊசியோடு எங்களைப் பார்த்தார். கடிகாரக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆகவே நான் தலையசைத்தேன். நாயும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னதுதான் சரி" என்று மனைவி அன்று சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை. இப்போது அதற்குமேல் அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. காலி கூண்டைத் தினமும் நான் பெருக்கி வைக்கிறேன்.

கடிகாரக்காரர் மட்டும் இன்றும் என்னைக் கண்டால் செடிகளுக்கு அந்தப் பக்கம் கைகூப்பி நிற்கிறார். "அப்பவே சொன்னீங்க சார், நான்தான் கேக்கல. மன்னிச்சிடுங்க" என்கிறார். நான் மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன்.