வெற்றுத்தாளில் வேலாயி போட்ட கையெழுத்துகள்

பெயர்: வேலாயி. கணவர் பெயர்: காலஞ்சென்ற ஒச்சப்பன். வயது: 54. தொழில்: தேநீர்க்கடை. முகவரி: ஜெட்டி ரோடு, நாரியல் டிக்ரி, மாயாபந்தர் வட்டம், வடக்கு மத்திய அந்தமான். நீதித்துறை நடுவர் முன்பு 2025 ஜூலை 8ஆம் தேதி அளித்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். பிறந்தது நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். என் தாய் தகப்பன் சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். எனக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. ஆகவே தமிழில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். நீதிபதி அம்மா சம்மதித்து எழுத்தர் திருநாவுக்கரசை எழுதச் சொன்னார். நான் சொல்வது எனக்கே வினையாக முடியலாம், சொல்லித்தான் ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று அம்மா இரண்டு முறை எச்சரித்தார். யோசித்துக்கொள்ள ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். மூன்று மாதமாக யோசித்தாகிவிட்டது, இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

ஜெட்டியில் புறக்காவல் நிலையத்துக்கு எதிரே பதினோரு வருடம் கடை நடத்தினேன். கடை நின்றது சர்க்கார் நிலம். அதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. அது எனக்கும் தெரியும், அந்த நிலையத்து ஏட்டு விஜயனுக்கும் தெரியும். எதையாவது பறிமுதல் செய்தால் வெளியாள் இரண்டு பேர் பார்த்ததாகக் கையெழுத்து வேண்டுமாம். அதில் ஒரு வெளியாள் எப்போதும் நான்தான். டீ வாங்க வரும்போது தாளும் சேர்ந்து வரும். மேலே ஒன்றும் எழுதியிருக்காது, அடியில் என் பெயரைத் தமிழில் போட்டுக் கொடுப்பேன். கடை நிற்க வேண்டுமே என்றுதான் போட்டேன். ஊரில் எல்லோரும் ஏய், ஓய் என்று கூப்பிடும்போது போலீஸ் மட்டும் 'வேலாயி ஜி' என்று கூப்பிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இந்த வருடம் பிப்ரவரி 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் ஏட்டு விஜயன் பைக்கில் முன்னே வர, ஒரு வெள்ளை வண்டி பின்னால் வந்து புறக்காவல் நிலைய வாசலில் நின்றது. வண்டியை ஓட்டி வந்தவர் ஓட்டல் முதலாளி சந்திரசேகர். ஏட்டு அவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன். அதிலிருந்து மூன்று சாக்கு மூட்டைகளை இறக்கினார்கள். ஒன்று கிழிந்திருந்தது, உள்ளே காய்ந்த கடல் அட்டை தெரிந்தது. கடல் அட்டையைப் பிடிக்கவோ விற்கவோ சர்க்கார் தடை, மாட்டினால் ஜாமீன்கூட லேசில் கிடைக்காது என்று ஜெட்டியில் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு ஏட்டு டீ சொன்னார். நான் கொண்டு போனபோது சந்திரசேகர் ஏட்டின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஏட்டு நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கிளாஸில் வேண்டாம், பேப்பர் கப்பில் கொடு என்று சந்திரசேகர் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து அதே வண்டியில் அவர் போய்விட்டார். மூட்டைகள் போகவில்லை. வராந்தாவில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். நாற்றம் என் கடை வரைக்கும் வந்தது.

அதன் பிறகு 13ஆம் தேதி சாயங்காலம் ஏட்டு மூன்று தாள்களோடு கடைக்கு வந்தார். "வேலாயி ஜி, இதுல தஸ்கத் போட்டுடுங்க. நாளைக்கு நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்கல்ல" என்றார். என் மகள் தமிழரசியின் பிரசவத்துக்கு நான் போர்ட் பிளேர் போகிறேன் என்பது ஜெட்டி முழுக்கத் தெரிந்த விஷயம். தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்ன கேஸ் என்றும் நான் கேட்கவில்லை. மூன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

14ஆம் தேதி காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறினேன். பாராடாங் வந்து, வண்டிப் படகில் பஸ்ஸோடு கடல் தாண்டி, மிடில் ஸ்ட்ரெய்ட் செக்போஸ்டில் பன்னிரண்டரை மணி கான்வாய்க்குக் காத்திருந்தோம். ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டு வழியில் எந்த வண்டியும் தனியாகப் போக முடியாது. போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் விடுவார்கள். யார் யார் உள்ளே போகிறார்கள் என்று ஒவ்வொரு பெயரும் அங்குள்ள போலீஸிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கண்டக்டர் சண்முகம் என் அடையாள அட்டையைப் பார்த்து என் பெயரை எழுதினார். பஸ் கிளம்பியபோது மணி பன்னிரண்டு நாற்பது. அதன் பிறகு போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் மகள் வீட்டில் நாற்பது நாளுக்கு மேல் தங்கி, மார்ச் 28ஆம் தேதி ஊர் திரும்பினேன்.

வந்த பிறகுதான் ஜேசுதாசன் சிறையில் இருப்பது தெரிந்தது. அவர் கன்னியாகுமரி கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய மீன்காரர், என் கடைக்குப் பின்னால்தான் தன் டிங்கிப் படகைக் கட்டி வைப்பார். கடல் அட்டை கடத்தினார் என்று கேஸ் என்றார்கள். போலீஸ் சும்மாவா பிடிக்கும் என்று நானே கடையில் நாலு பேர் காதுபடச் சொன்னேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

ஏப்ரல் 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி சிசிலியா, மாதா கோயிலில் பூசை முடிந்து, மகள் சுபிதாவோடு கடைக்கு வந்தார். வக்கீல் வாங்கிக் கொடுத்த நகல் கையில் இருந்தது. இந்தி படிக்கத் தெரிந்த சுபிதா அதை எனக்குத் தமிழில் சொன்னாள். பிப்ரவரி 14 மதியம் 12.45 மணிக்கு, நாரியல் டிக்ரி ஜெட்டியில், ஜேசுதாசனின் டிங்கியிலிருந்து மூன்று மூட்டை கடல் அட்டை, சாட்சிகள் கண் எதிரே கைப்பற்றப்பட்டது என்று இருந்தது. முதல் சாட்சி யார் என்று கேட்டேன். "நீங்கதான் ஆன்ட்டி" என்றாள். சிசிலியா சத்தம் போடவில்லை. "நீங்க கண்ணால பாத்தியளாக்கா? பாத்திருந்தா சொல்லிருங்க. நான் அந்த மனுசன இனி ஜெயிலுக்குப் போயி பாக்க மாட்டேன்" என்றார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, நான் இறக்கவில்லை. பார்க்கவில்லை என்று சொன்னேன்.

அதன் பிறகு அன்று மாலையே ஏட்டிடம் போய், அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் இருந்தேனே என்று சொன்னேன். "கோர்ட்ல கூப்பிட்டா ஹாஞ்ஜி, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. இல்லேன்னா பொய் தஸ்கத் போட்டதுக்கு முதல்ல உள்ள போறது நீங்கதான். கடையும் இருக்காது. சோச் லோ, யோசிச்சுக்கோங்க" என்றார். அது சந்திரசேகர் வண்டியில் வந்த மூட்டைதானே என்று கேட்டேன். "அவர் மூட்டை ஒண்ணும் கொண்டுவரல. அவர் டீ குடிக்க வந்தார்" என்றார்.

பயந்துபோய் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு கண்டக்டர் சண்முகத்தைத் தேடிப் போய்க் கேட்டேன். கான்வாய் பட்டியலின் கார்பன் நகல் அவரிடம் இருந்தது. அதில் இருபத்து மூன்றாவது பெயர் என்னுடையது. அசல் செக்போஸ்ட் போலீஸ் வசமே இருக்கும். நகலை இன்று நீதிமன்றத்தில் ஒப்படைத்திருக்கிறேன். நான் சண்முகத்தைப் பார்த்தது எப்படியோ ஏட்டுக்குத் தெரிந்துவிட்டது. மே 19ஆம் தேதி ஆக்கிரமிப்பு என்று சொல்லி என் கடையைப் பிரித்துப் போட்டார்கள். அதே சர்க்கார் நிலத்தில் இருக்கும் மற்ற நான்கு கடைகளைத் தொடவில்லை. அவற்றையும் பிரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவர்களாவது பிழைக்கட்டும்.

இதற்கு முன் எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டாய் என்று நீதிபதி அம்மா கேட்டார். எண்ணி வைக்கவில்லை, இருபதுக்குக் குறையாது. சாராயம், மான் கறி, திருட்டு என்று பிறகு காதில் விழும். ஒரு முறைகூட நான் எதையும் நேரில் பார்த்ததில்லை. அந்த ஆட்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு மட்டும் என் பெயர் தெரிந்திருக்கும். நான் ஜேசுதாசன் ஒருவருக்காக மட்டும் இங்கே வரவில்லை. சாட்சி வேலாயி என்று எந்தக் கேஸ் கட்டுக்குள் இருந்தாலும் அதை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்காக என்மேல் கேஸ் வந்தால் வரட்டும்.

மேலே கண்டவை எல்லாம் நான் என் வாயால் சொன்னவை, உண்மையானவை. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ சொல்லவில்லை. எழுத்தர் ஒரு வரி விடாமல் தமிழில் படித்துக் காட்டினார், நானும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். எழுதி முடித்த தாளில் நான் கையெழுத்துப் போடுவது இதுதான் முதல் தடவை.

ஒப்பம்,
வேலாயி