கரி படாத பொங்கல் பானை

சித்திரை மாத மத்தியானம். சத்தியவேட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் மடியில் ஒரு மண்பானை.

"இன்னாக்கா, காட்டுக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனே, பானையில கரியே இல்ல?"

"அடுப்பே பத்த வைக்கல. காடு காஞ்சி கெடக்குதுன்னு ஃபாரஸ்ட் வாட்சரு வழியில நின்னுகினு எல்லார் வத்திப்பொட்டியும் புடுங்கிப் பையில போட்டுக்கினான். அரிசிய ஊற வச்சி, வெல்லத்தோட அப்டியே படைச்சோம்."

"அப்பால?"

"மலைக்கு அந்தாண்ட இருந்து தீ எறங்கிச்சி. காத்து எங்க பக்கமா அடிக்குது. சாமி வரதுக்கு நாங்க பெருக்கி வச்ச பாதை ஒண்ணுதான் நடுவுல. அந்தாளு எங்க வத்திப்பொட்டியவே எடுத்து, பாதைக்கு அந்தாண்ட புல்லுல தீ வச்சிக்கினே ஓடறான்."

"அவனேவா?"

"பெருக்குன பாதையில சருகு இல்ல, அதால அந்தத் தீ எங்க பக்கம் தாண்டாம மலைத்தீய எதுத்துக்கினு போச்சி. ரெண்டும் மோதிச்சி, எரிய ஒண்ணுமில்லாம அடங்கிடுச்சி. அந்தச் சத்தம் இன்னும் காதுல கீது."

கேட்டவள் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வத்திப்பொட்டியத் திருப்பிக் குடுத்தானா?"

"குடுத்தாரு. வாங்கறதுக்குத்தான் யாருக்கும் கை நீளல."